ஆட்டோகிளேவுக்கு முன்னால் இருக்கும் தொட்டியையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் பிடித்தது, தையல் போட்ட இடம் மாதக்கணக்கில் ஆறவில்லை, கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை போனது என்று உங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் நான் அதன் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பேன். மருத்துவமனை நிர்வாகத்தின் பதில் அங்கேதான் இருக்கும். எல்லாக் கருவிகளும் முறைப்படி ஆட்டோகிளேவ், அதாவது நீராவியில் கிருமிநீக்கம், செய்யப்பட்டவை என்பார்கள். அதோடு நிருபரும் விட்டுவிடுகிறார், உறவினர்களுக்கும் மேற்கொண்டு என்ன கேட்பதென்று தெரிவதில்லை. ஆட்டோகிளேவ் செய்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குள் போவதற்கு முன்னால் அந்தக் கருவியைக் கழுவியது யார், எந்தத் தண்ணீரில், எந்த பிரஷ்ஷால், எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டதுண்டா? ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராகவும், பிறகு சி.எஸ்.எஸ்.டி. என்று நாங்கள் சொல்லும் கருவிச் சுத்திகரிப்புப் பிரிவின் பொறுப்பிலும், அரசு தனியார் இரண்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆய்வுக்கு வந்த அதிகாரிகளில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அபூர்வம். அதனால் நானே எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். வெட்டுவதாக இருந்தால் என் புலம்பலை வெட்டுங்கள், சைடக்ஸ் என்ற கிருமிநாசினி பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

முதல் விஷயம், ஆட்டோகிளேவ் எதையும் கழுவாது. அழுத்தத்தோடு நீராவியை அடைத்துக் கிருமியைக் கொல்லும், அவ்வளவுதான் அதன் வேலை. 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம், வெற்றிடமாக்கும் வசதியுள்ள இயந்திரமென்றால் 134 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் அந்த நீராவி கருவியின் உலோகத்தை நேரடியாகத் தொட்டாக வேண்டும். ரத்தம் காய்ந்து அடை பிடித்திருந்தால் நீராவி அடையின் மேலோடு நின்றுவிடும், அடியில் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்க்காமல் இட்லிக் கொப்பரைக்குள் வைத்து எவ்வளவு நேரம் அவித்தாலும் அந்த அடி போகுமா? இன்னும் கெட்டியாகத்தான் பிடித்துக்கொள்ளும். இங்கேயும் அதேதான்.

பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டது, அப்புறம் என்ன என்று டாக்டர்களே கேட்பார்கள். அந்தக் கோடு, பொட்டலம் ஆட்டோகிளேவுக்குள் போய்ச் சூடுபட்டு வந்தது என்று மட்டும்தான் சொல்லும். இன்னும் நல்ல மருத்துவமனைகளில் ஸ்போர் டெஸ்ட் வைப்பார்கள், வெப்பத்தைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகளை உள்ளே வைத்து அவை செத்தனவா என்று பார்ப்பது. நல்ல சோதனைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வித்து ஒரு சுத்தமான குப்பிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம் கத்தரிக்கோலின் ஆணிக்கடியில் இருக்கும் காய்ந்த ரத்தத்துக்குள் அது இல்லை. இயந்திரம் பாஸ், கருவி ஃபெயில் என்ற நிலை தாராளமாக நடக்கும், பதிவேட்டில் பாஸ் மட்டும் ஏறும்.

எங்கே அழுக்குத் தங்குகிறது என்று ஒரு சாதாரண ஆர்ட்டரி ஃபோர்செப்ஸைக் கையில் எடுத்தாலே தெரியும். ரத்தக்குழாயைப் பிடித்து நிறுத்துகிற, கத்தரிக்கோல் மாதிரி இருக்கும் இடுக்கி. எந்த தியேட்டரிலும் டஜன் கணக்கில் கிடக்கும். பார்க்கப் பளபளவென்று இருக்கும். இரண்டு கைகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து திரும்பும் பூட்டு போன்ற மூட்டு ஒன்று நடுவில் இருக்கிறது பாருங்கள், அதை முழுக்க விரித்து, ஈரமான வெள்ளை காஸ் துணியின் முனையை முறுக்கி உள்ளே விட்டுத் திருப்பி எடுங்கள். துணி துரு நிறத்தில் வரும். முக்கால்வாசி நேரம் அது துரு இல்லை, பழைய ரத்தம். அடுத்து, நுனியில் வரிவரியாகப் பல் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளங்களில் கொழுப்பும் திசுவும் அடைந்துகொள்ளும். கைப்பிடிப் பக்கம் 'க்ளிக்' என்று விழும் பற்கள், அதற்குள்ளும்தான். கருவியை மூடிய நிலையில் கழுவினால் இந்த மூன்று இடத்துக்கும் தண்ணீரே போகாது. மூடியபடியே ஆட்டோகிளேவில் வைத்தால் நீராவியும் போகாது. விரித்து வைத்துக் கழுவு, விரித்தே அடுக்கு என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எத்தனை இடத்தில் டஜன் ஆர்ட்டரியை மூடி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு கட்டாக வைக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

இதுவே இப்படி என்றால் முதுகுத்தண்டு அறுவையில் எலும்பைக் கடித்தெடுக்கும் பஞ்ச், ரத்தத்தை உறிஞ்சும் மெல்லிய சக்‌ஷன் குழாய், நடுவில் துளையுள்ள டிரில், வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் பயன்படும் கிராஸ்பர் என்ற நீளமான இடுக்கி இவற்றையெல்லாம் கேட்கவே வேண்டாம். கிராஸ்பரின் குழாய் ஒரு அடிக்குக் குறையாது, உள்ளே ஒரு கம்பி ஓடும், வயிற்றுக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தத்தில் ரத்தம் குழாய்க்குள் ஏறும். பிரித்துக் கழுவும்படிதான் பெரும்பாலானவற்றைச் செய்கிறார்கள். கைப்பிடி, குழாய், உள்கம்பி என்று மூன்றாகப் பிரியும். பிரிக்கத் தெரிந்தவர் கழுவுமிடத்தில் இருக்க வேண்டும், பிரித்ததைத் திரும்பப் பூட்ட நேரமும் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் நுனியைக் குழாயடியில் காட்டி, மேலே துடைத்து, அப்படியே சைடக்ஸில் போடுகிறார்கள்.

இப்போது அந்த சைடக்ஸ். எல்லா தியேட்டரிலும் இந்தப் பெயரில்தான் சொல்வோம், உள்ளே இருப்பது 2 சதவீத குளுட்டரால்டிஹைடு. வெப்பம் தாங்காத கருவிகளுக்காக வந்தது. இருபது நிமிடம் ஊறவைத்தால் பெரும்பாலான கிருமிகள் சாகும், வித்துகள் உட்பட எல்லாம் சாக வேண்டுமென்றால் பத்து மணி நேரம் ஊற வேண்டும். ஒரே நாளில் ஐந்தாறு பித்தப்பை கேஸ் போட்டு, இரண்டே செட் வைத்திருக்கும் மருத்துவமனையில் பத்து மணி நேரத்துக்கு எங்கே போவது? "சிஸ்டர், அடுத்த பேஷண்ட்டை டேபிள்ல ஏத்தியாச்சு, செட் எங்கே?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இருபது நிமிடம் பதினைந்தாகும், பதினைந்து பத்தாகும். இதைவிட மோசமான விஷயம் இன்னொன்று. குளுட்டரால்டிஹைடு புரதத்தைக் கெட்டிப்படுத்தி உலோகத்தோடு ஒட்டவைக்கும். பரிசோதனைக்கூடத்தில் திசுவைக் கெடாமல் பதப்படுத்தவே அந்த வகை ரசாயனங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். கழுவாத கருவியை அதில் போட்டால் அழுக்கைப் பதப்படுத்திப் பத்திரமாக வைத்ததுதான் மிச்சம். ஃபார்மலின் மாத்திரை போட்ட பெட்டிக்குள் லேப்ராஸ்கோப்பி கருவிகளை வைத்துவிட்டு ஸ்டெரைல், அதாவது கிருமியே இல்லாதது, என்று நம்பிக்கொண்டிருப்பதும் இதே கதைதான். அப்புறம் சைடக்ஸிலிருந்து எடுத்ததும் அலச வேண்டுமே, அதற்கு ஸ்டெரைல் தண்ணீர் இல்லாத இடத்தில் குழாய்த் தண்ணீர், அதாவது மொட்டைமாடி டேங்கில் நிற்கும் தண்ணீர்.

அந்த டேங்க் தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக வாழ்கிற ஒரு கிருமிக் கூட்டம் இருக்கிறது. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறை, ஆனால் காசநோயைத் தராது. லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்கு இது எப்படி வரும் தெரியுமா? காயம் அழகாக ஆறிவிடும். தையல் பிரித்து, வீட்டுக்குப் போய், வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு, சில வாரம் கழித்துத் தொப்புள் பக்கத்துத் துளையில் ஒரு சின்னக் கட்டி. உடையும், கஞ்சி மாதிரி நீர் வடியும், காயும், பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். வழக்கமான ஆன்டிபயாடிக் எதுவும் கேட்காது. சீழை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சரில் ஒன்றும் வளராது. கிளாரித்ரோமைசின், அமிகாசின் என்று மாதக்கணக்கில் மருந்து, சிலருக்கு அந்த இடத்தைத் தோண்டி எடுக்கவும் வேண்டிவரும். அதுவரை இப்படி அவதிப்படும் பெண்ணுக்குச் சொல்லப்படுவது, "உங்களுக்குச் சுகர் இருக்கு", "உங்க உடம்பு வாகு அப்படி", "நீங்க புண்ணுல தண்ணி பட விட்டிருப்பீங்க". இந்த மூன்றாவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரியும். தண்ணீர் பட்டது உண்மைதான், அவள் வீட்டில் படவில்லை.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவில் 2006, 2007 ஆண்டுகளில் இதே வகைக் கிருமி அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் பரவி, சந்தேகத்துக்குரிய நோயாளிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி வகை அறுவைகள். அந்தக் கிருமி 2 சதவீத குளுட்டரால்டிஹைடைத் தாங்கிக்கொள்ளும் ரகம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். சரியாகக் கழுவாமல் ரசாயனத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

கழுவுவது எங்கே தொடங்க வேண்டும்? தொட்டியில் இல்லை, ஆபரேஷன் டேபிளிலேயே. கருவியை வாங்கும் சிஸ்டர் ஈரத் துணியால் அவ்வப்போது துடைத்து வைக்க வேண்டும். கேஸ் முடிந்ததும் காய விடாமல் ஈரத் துணி போர்த்தியோ, என்சைம் கலந்த நுரை தெளித்தோ மூடிய பெட்டியில் அனுப்ப வேண்டும். ரத்தம் காய்ந்துவிட்டால் அதை எடுப்பது பல மடங்கு சிரமம். நடப்பது என்னவென்றால் காலையில் முடிந்த செட் மதியம்வரை கிட்னி டிரேயில் மின்விசிறிக் காற்றில் கிடக்கும். கொஞ்சம் அக்கறையுள்ளவர்கள் சலைனில் ஊறவைப்பார்கள். அதுவும் தப்பு, சலைன் உப்பு நீர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசி குத்தியதுபோலக் குழி விழவைக்கும், அடுத்த தடவை அந்தக் குழிக்குள் அழுக்கு. இன்னும் அக்கறையுள்ளவர்கள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவார்கள், ரத்தத்திலுள்ள புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். முதல் அலசல் எப்போதும் பச்சைத் தண்ணீரில். ரத்தக்கறை பட்ட துணியை வெந்நீரில் போடக் கூடாது என்று வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும், தியேட்டருக்குள் வந்ததும் ஏனோ மறந்துவிடுகிறது.

பிளீச்சிங் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். எச்.ஐ.வி. பயம் உச்சத்தில் இருந்த காலத்தில், கழுவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி, கருவிகளை முதலில் 0.5 சதவீத குளோரின் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்த பிறகுதான் கழுவ வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவ அறைகளில் அந்த வாளியும் அதன் மேல் ஒட்டிய போஸ்டரும் இன்னும் பல இடத்தில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. ரத்தம் பட்டதும் குளோரின் வீரியம் போய்விடுகிறது, கருவியை அரிக்கிறது, சுத்தமாகிவிட்டது என்ற பொய்யான தைரியத்தில் கையுறை இல்லாமல் தொடவும் வைக்கிறது. புது வழிகாட்டி வந்தது சரி, பழைய போஸ்டரைக் கிழிக்கச் சொல்லி யாராவது ஆள் அனுப்பினார்களா?

அந்தத் தொட்டியில் நிற்பவர் யார் என்பதற்கு வருகிறேன், என் கோபமெல்லாம் இங்கேதான். தியேட்டர் டெக்னீஷியன் என்று படிப்பு இருக்கிறது, படித்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கழுவுகிற தொட்டியில் பெரும்பாலும் நிற்பது ஒப்பந்தத்தில் வந்த ஒரு அக்கா. காலையில் வார்டு துடைப்பார், மதியம் தியேட்டர் துடைப்பார், நடுவில் கருவி கழுவுவார். அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அனுபவத்தை வைத்து சோப்புத்தூளும் கம்பி நாரும் போட்டுத் தேய்ப்பார், பளிச்சென்று இருக்கும், டாக்டர் பாராட்டுவார். கம்பி நார் பட்டால் ஸ்டீலின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் கீறிப்போய்த் துருப்பிடிக்கத் தொடங்கும், அந்தக் கீறலில் அழுக்குத் தங்கும். திறந்த குழாயடியில் பிரஷ் போட்டால் ரத்தத் துளி முகத்தில் தெறிக்கும், அதனால் கருவியைத் தண்ணீருக்குள் முக்கி வைத்துத் தேய்க்க வேண்டும் என்பதுகூடச் சொல்லப்பட்டிருக்காது. கண்ணாடி இல்லை, ஏப்ரன் இல்லை, கையில் மெல்லிய சர்ஜிக்கல் கிளவ்ஸ், டிரேயின் அடியில் யாரோ கழற்றாமல் விட்ட பிளேடு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி டாக்டருக்கும் சிஸ்டருக்கும் போட்ட கணக்கு இருக்கும், இந்த அக்காவின் பெயர் அந்த நோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து மிக நன்றாகக் கருவி கழுவியவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். ஒருமுறை பூட்டுமூட்டைத் திறந்து காட்டி ஏன் என்று விளக்கியதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது, அதன்பிறகு டேபிளில் பிளேடை விட்டுவைத்த சிஸ்டர்களை அவரே வந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். கான்ட்ராக்ட் மாறியதும் அவரை வேறு இடத்துக்குத் தூக்கிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்கு முதலிலிருந்து ஆரம்பம்.

தண்ணீரும் ஒரு பாடு. எங்கள் கடலோர மாவட்டத்தில் போர்வெல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதில் அலசிய கருவி காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு படியும். கடைசி அலசலாவது ஆர்.ஓ. தண்ணீரில் இருக்க வேண்டும். கண் அறுவைக் கருவிகளுக்கு இது உயிர்நாடி. கேனுலா என்று சொல்லும் ஊசிக்குழாய்க்குள் முந்தைய கேஸில் போட்ட ஜெல்லோ, கழுவிய சோப்போ கொஞ்சம் தங்கிவிட்டால், அதில் கிருமியே இல்லாவிட்டாலும், மறுநாளே கண் சிவந்து கருவிழி மங்கிப்போகும். கிருமி செத்தாலும் அழுக்கு இருந்தால் ஆபத்துதான் என்பதற்குக் கண்தான் சாட்சி.

வாணியம்பாடி செய்தி உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அங்கே ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பத்துப் பேருக்கு 2023-ல் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று வந்து எட்டுப் பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யும் ஐ.சி.எம்.ஆர். என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவன ஆய்வாளர்களும் சேர்ந்து விசாரித்து வெளியிட்ட அறிக்கை 2025-ல் செய்திகளில் அடிபட்டது. சலைன் பாட்டிலை ஈறு பிரிக்கும் கருவியால் திறந்து, பஞ்சால் அடைத்து, அதே பாட்டிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதாக அதில் சொல்லப்பட்டது. இது ஆட்டோகிளேவ் இல்லாததால் வந்த வினையல்ல. வாயில் வைக்கிற கருவிக்கும் மூடி திறக்கிற கருவிக்கும் வித்தியாசம் பார்க்காத பழக்கம். கருவி எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒருவரும் கவனிக்காத இடத்தில்தான் இப்படி நடக்கும்.

இதைப் படித்துவிட்டு வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு மருத்துவமனைகளில் 2004-ல் நடந்ததைச் சொன்னால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. லிஃப்ட் பழுது பார்த்தவர்கள் பழைய ஹைட்ராலிக் எண்ணெயைக் காலியாகக் கிடந்த சோப்பு டிரம்களில் ஊற்றி வைத்தார்கள், அந்த டிரம்கள் சோப்பு என்று நினைத்து சப்ளையருக்குப் போய்த் திரும்பி வந்து, கருவி கழுவும் இயந்திரத்தில் ஏறிவிட்டன. கருவிகள் வழுவழுவென்று இருக்கின்றன என்று ஊழியர்கள் சொன்ன பிறகும் உடனே யாருக்கும் உறைக்கவில்லை. ஏறக்குறைய 3,800 நோயாளிகளுக்கு அந்தக் கருவிகளால் அறுவை நடந்தது. இது ஆள் தவறு. லாஸ் ஏஞ்சல்ஸில் யு.சி.எல்.ஏ. மருத்துவமனையில் நடந்து 2015-ல் வெளியே வந்தது வேறு மாதிரி. பித்தநாளத்துக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்பைத் தயாரிப்பாளர் சொன்னபடியே கழுவினோம் என்றது மருத்துவமனை. அப்படியும் அதன் நுனியில் இருக்கும் நகரும் நெம்புகோலுக்குப் பின்னால் கிருமி தங்கி, முதலில் சொன்ன கணக்குப்படியே ஏழு பேருக்குத் தொற்று, இரண்டு பேர் சாவு. கழுவவே முடியாதபடி கருவியைச் செய்துவிட்டு, கழுவு என்று நம்மிடம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

சரி, எல்லாவற்றையும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போட்டால் என்ன என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் செய்து பார்த்தார்கள். மாட்டு மூளை நோயின் மனித வடிவம் கருவி வழியே பரவுமோ என்ற பயத்தில் 2001-ல் டான்சில் அறுவைக்கு ஒருமுறைக் கருவிகள் கொண்டுவந்து, ரத்தப்போக்கு அதிகமானதால் அந்த ஆண்டு இறுதியிலேயே பழைய கருவிகளுக்குத் திரும்பினார்கள். அந்தப் பயத்துக்காக ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை அவர்கள் கழுவும் வசதிகளைச் சீராக்கத்தான் செலவிட்டார்கள். நமக்கு அந்தச் செலவும் கட்டாது, குப்பையும் கட்டாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஒரே வகைக் கருவிகளைச் சுழற்சியில் வைத்து லட்சக்கணக்கில் அறுவை செய்கிறது, அவர்களுடைய தொற்று விகிதம் உலகம் வியக்கும் அளவுக்குக் குறைவு. திரும்பப் பயன்படுத்துவதில் தவறில்லை, கழுவ நேரம் தராமல் திரும்பப் பயன்படுத்துவதில்தான் இருக்கிறது.

நேரம் என்றதும் எலும்பு அறுவை செட் ஞாபகம் வருகிறது. இதைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது. தொடை எலும்பு முறிவுக்கு நெயில் என்ற உலோகக் கம்பி வைப்பது, மூட்டு மாற்றுவது இதற்கான கருவிகளைப் பெரும்பாலான நடுத்தர மருத்துவமனைகள் சொந்தமாக வைத்திருப்பதில்லை. உடலுக்குள் பொருத்தும் இம்பிளான்ட் விற்கும் கம்பெனியின் ஏஜெண்ட் கொண்டுவருவார். காலையில் ஒரு ஊரில் கேஸ் முடிந்த செட், மதியம் பைக்கிலோ பஸ் பார்சலிலோ அடுத்த ஊருக்கு. நோயாளிக்கு ஊசி போட்டு மயக்கம் கொடுக்கப் போகும் நேரத்தில் அந்தப் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவருவான். "அங்கேயே கழுவியாச்சு சிஸ்டர், நீங்க ஆட்டோகிளேவ் மட்டும் போடுங்க" என்பான். நான் ஒரு வேலை செய்வேன், நடுவில் துளையுள்ள டிரில் ஒன்றை எடுத்து, அதற்கான மெல்லிய கம்பியை உள்ளே தள்ளுவேன். மறுமுனையில் பழுப்பாகப் பசை மாதிரி வரும். எலும்பு மஜ்ஜை, யாருடையதோ. அதைப் பார்த்த பிறகு சர்ஜன் எவ்வளவு கத்தினாலும் கேஸை நிறுத்துவேன், அதற்காக நிறையப் பகையைச் சம்பாதித்திருக்கிறேன். பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கு மாத டார்கெட். அவசரமில்லாத கேஸுக்குச் செட் முதல் நாளே வந்து சேர வேண்டும், எங்கே கழுவியிருந்தாலும் இங்கே பிரித்துக் கழுவாமல் ஆட்டோகிளேவில் ஏறக் கூடாது. இப்படி ஒரு சுற்றறிக்கை போட சுகாதாரத் துறைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. மூட்டுக்குள் இரும்பு வைக்கும் அறுவையில் தொற்று வந்தால் இம்பிளான்டையே கழற்ற வேண்டிவரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி துறையிடம் நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் போடலாம் என்பதை மேஜை எண்ணிக்கையை வைத்து முடிவு செய்கிறார்கள், எத்தனை செட் இருக்கிறது, ஒரு செட்டைக் கழுவி உலர்த்தி அடுக்க எவ்வளவு நேரமாகும் என்பதையும் வைத்து முடிவு செய்யட்டும். கழுவும் தொட்டிக்கு மேல் நல்ல விளக்கும் விளக்கோடு சேர்ந்த பூதக்கண்ணாடியும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தமும் புரதமும் மிச்சமிருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் சோதனைக் குச்சிகள் இப்போது கிடைக்கின்றன, வாரத்துக்குச் சிலதாவது போட்டுப் பார்க்கலாம். தொட்டியில் நிற்பவருக்கு முறையான பயிற்சி கொடுத்து, கான்ட்ராக்ட் மாறினாலும் அவரை அதே இடத்தில் வைத்திருக்க வேண்டும். மருத்துவமனைச் சுத்தத்துக்குத் தரும் காயகல்ப் விருதுக்கும், என்.ஏ.பி.எச். என்ற தரச் சான்றுக்கும் ஆய்வுக்கு வருகிறவர்கள் பதிவேட்டைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு ஆர்ட்டரியின் மூட்டைத் திறந்து வெள்ளைத் துணியை விட்டுப் பார்த்தால் பதிவேடே தேவையில்லை.

அப்புறம் குழாய் பிரஷ், அதாவது துளையுள்ள கருவிகளின் உட்புறத்தைத் தேய்க்கும் பிரஷ். சக்‌ஷன் குழாய்க்கு ஒரு அளவு, கிராஸ்பருக்கு ஒரு அளவு, டிரில்லுக்கு ஒரு அளவு என்று துளைக்குத் தகுந்தபடி வேண்டும். சிறியதாக இருந்தால் சுவரைத் தொடாது, பெரியதாக இருந்தால் உள்ளே போகாது. இதை இண்டென்ட் என்ற தேவைப் பட்டியலில் எழுதி அனுப்பினால், கோடி ரூபாய்க்கு இயந்திரம் வாங்குகிற அதே அலுவலகத்திலிருந்து, டூத் பிரஷ் போதாதா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். போதாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தூத்துக்குடி மாவட்டம்.